ரவுண்டானாவில் சுற்றிய ஆரஞ்சுப் பழம்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் சின்னத் தம்பியின் மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, அக்கா எல்லாரும் சௌக்கியம். நானும் சௌக்கியம்தான், சர்வர்தான் சௌக்கியமாக இல்லாமல் இருந்தது, அதைப் பற்றிக் கீழே. அங்கே நீங்களும், மாமாவும், உங்கள் டிரைவிங் ஸ்கூல் கார்களும், அந்தக் கார்களில் இன்னும் நசுங்காமல் மிச்சமிருக்கும் பாகங்களும் நலமா? மரியாதை முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் பண்ணினேன். முதல் தடவை "சொல்லுடா கண்ணா" என்றீர்கள், நான் "அத்தை, எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்று ஆரம்பித்தேன், "பிரேக்கை மிதி! அது பிரேக் இல்ல! அது என் காலு!" என்று அலறினீர்கள், லைன் போய்விட்டது. அடுத்த தடவை "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்றீர்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு இடது பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம். அதற்கடுத்த தடவை போனை எடுத்தவர் உங்கள் மாணவர் போலிருக்கிறது. ஓட்டிக்கொண்டே எடுத்திருக்கிறார். பின்னணியில் நீங்கள் போட்ட சத்தத்தில் நானே பயந்து வைத்துவிட்டேன். ஆகவே கடிதம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படிக்கவும்.

எனக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றின் நெட்வொர்க் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நானே தேடி, நானே தேர்வு எழுதி, நானே வாங்கிய வேலை. வருகிறேன் அல்லது வரவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நம் குடும்பத் தொழிலை நான் குறைவாகச் சொல்லவில்லை, அத்தை. தெருவுக்கு இந்தப் பக்கம் அப்பாவின் டிசைன் ஆபீஸ், அந்தப் பக்கம் பெரியப்பாவின் அச்சகம், இங்கே வரைகிற லேபிளை அங்கே அடித்து ஊரிலுள்ள மருந்து பாட்டிலுக்கெல்லாம் ஒட்டுகிறோம், நல்ல தொழில், நாலு பேருக்கு உபகாரம். ஆனால் நாலு வருஷம் விழுந்து விழுந்து படித்துவிட்டு, ஒரு டஜன் கம்ப்யூட்டருக்கு மவுஸ் மாற்றிக்கொண்டும், பிரிண்டரில் சிக்கின காகிதத்தை உருவிக்கொண்டும் இருந்தால் என் மூளைக்குப் பூசணம் பிடித்துவிடும். போக வேண்டும் என்று எனக்கு ஆசை. போகலாமா என்று கேட்பது மரியாதை. கேட்டேன். அங்கேதான் வினை.

திங்கட்கிழமை காலையில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு லேபிளை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல விஷயம்தான்டா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தைச் சொல்றது? அண்ணன் மனசுல என்ன இருக்கோ."

தெருவைக் கடந்தேன். பெரியப்பா அச்சு மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"பலே! உங்க அப்பா என்ன சொன்னான்?"

"உங்களைக் கேக்கச் சொன்னார்!"

"அவன் பெத்த பிள்ளை, அவனைத் தாண்டி நான் வாய் திறக்கலாமா? அவனுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்னு சொல்லு!"

தெருவைக் கடந்தேன். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கண் கலங்காத குறை. "பாத்தியா அண்ணன் மனசை! எனக்கும் அதேதான். அவருக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு, என்னவோ தீர்ப்பே எழுதி முடித்த மாதிரி மறுபடியும் லேபிளை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டார். நான் மறுபடியும் தெருவைக் கடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். எங்கள் ஆபீசுக்குக் கீழே கடை வைத்திருக்கிற தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டி, "என்ன தம்பி, ரோட்டை அளக்கறீங்களா? அகலப்படுத்தப் போறாங்களா?" என்று கேட்டார். நான் நிற்காமல் தெருவைக் கடந்தேன். நின்று பதில் சொல்லியிருந்தால் அசிங்கமாகியிருக்கும்.

கடைசியில் அப்பா ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார். "முதல்ல அந்த சர்வர் ஏன் இப்படி அனல் கக்குதுன்னு பாரு. அதை இப்படியே போட்டுட்டு நீ போயிட்டா அண்ணன் என்ன நெனைப்பார்? அதைச் சரிபண்ணு, அப்புறமா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேப்போம்."

இப்போது சர்வர். அத்தை, தயவுசெய்து இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாதீர்கள். நீங்கள் எஞ்சினையே பிரித்துப் போட்டுப் பாடம் எடுக்கிறவர், இது அதைவிட எளிது. எங்கள் ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டரும் நேராக இணையத்துக்குப் போகாது. நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும், ப்ராக்சி என்போம். யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அதனிடம் கேட்பார்கள், அது வெளியே போய் வாங்கிவந்து கொடுத்துவிட்டு ஒரு நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே அலையாமல் நகலைக் கொடுத்துவிடும். நீங்கள் ஒரு சாலைப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று அதிகாரியிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு வந்து அதற்குப் பிறகு வருகிற மாணவருக்கெல்லாம் அதையே சொல்கிறீர்கள் இல்லையா, அது மாதிரி. அதிகாரி நடுவில் விதியை மாற்றிவிட்டால் நீங்கள் பழசையே சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் நடந்திருக்கிறது, மாமா சொன்னார். பெரியப்பாவின் அச்சகத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது அக்கா, அதாவது பெரியப்பா மகள். இரண்டு சர்வருக்கும் நடுவில் தெருவின் குறுக்கே ஒரு கேபிள் போகிறது. "உன்கிட்ட நகல் இருக்கா? இருந்தா குடு, இல்லைன்னா நான் வெளியே போய்க்கறேன்" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். இதுதான் ஒழுங்கான ஏற்பாடு. இதை நானும் அக்காவும்தான் செய்தோம். அதைக் கெடுத்தது உங்கள் தம்பிமார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் டானிக் பாட்டில் ஒன்றுக்கு லேபிள் வந்தது. கம்பெனியின் பக்கத்தில் மூடி என்ன நிறம் என்று பார்த்து அதற்குப் பொருத்தமாகப் போட வேண்டும். எங்கள் சர்வரில் இருந்த நகல் பழசு, மூடி பச்சை. அச்சக சர்வரில் இருந்தது புதுசு, மூடி நீலம். மற்ற குடும்பமாக இருந்தால் "நீ பாத்தது தப்பு" என்று சட்டையைப் பிடித்திருப்பார்கள், ஒரு நிமிஷத்தில் உண்மை வெளியே வந்திருக்கும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "அண்ணே, நீங்க பாத்ததுதான் சரியா இருக்கும்" என்று அப்பா டிசைனை நீலமாக மாற்றிவிட்டார். "டிசைன் அவனோடது, அவன் பாத்ததுதான் சரி" என்று பெரியப்பா மையைப் பச்சையாக மாற்றிவிட்டார். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில் மறுபடியும் இங்கே நீலம், அங்கே பச்சை. அன்றைக்கு அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அச்சகமே பற்றி எரிந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார்: "இனிமே நாங்க எதைப் பாக்கறதா இருந்தாலும் உங்க ஆபீஸ் வழியாவே பாக்கறோம் அண்ணே. ரெண்டு கண்ணு வேண்டாம்." பெரியப்பா கையை உதறினார். "சேச்சே! நாங்கதான் உன் ஆபீஸ் வழியா பாக்கணும்." "அது எப்படிண்ணே, நீங்க பெரியவங்க." "அதான் சொல்றேன், பெரியவன் சொன்னா கேக்கணும்." தட்டில் சாப்பாடு ஆறியது. பெரியம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அப்பா "சரிண்ணே, உங்க இஷ்டம்" என்றார், பெரியப்பா அதே நொடியில் "சரிப்பா, உன் இஷ்டம்" என்றார், இரண்டு பேரும் கையைக் கழுவப் போய்விட்டார்கள். மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் ஒத்துக்கிட்டார். இனி நம்ம சர்வர் எதுக்கும் தானா வெளியே போகக் கூடாது, அண்ணன் சர்வரைத்தான் கேக்கணும்" என்றார். செய்துவிட்டேன். தெருவுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டு, "சித்தப்பா ஒத்துக்கிட்டான்" என்று ஆரம்பித்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். அவளும் செய்துவிட்டாள். எனக்கு அவள் செய்தது தெரியாது. அவளுக்கு நான் செய்தது தெரியாது.

இது உடனே வெடித்திருக்க வேண்டும். ஏன் வெடிக்கவில்லை என்றால், இந்த சர்வர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தக் கேள்வியை வெளியே அனுப்பினாலும் அதன் மேல் தன் பெயரை ஒரு முத்திரை குத்தி அனுப்பும். தான் குத்திய முத்திரையோடே ஒரு கேள்வி திரும்பி வந்தால், "அடடே, இது நாம அனுப்பினதாச்சே, சுத்திக்கிட்டு வருதே" என்று புரிந்துகொண்டு, போட்ட உத்தரவை மீறித் தானே வெளியே போய் வாங்கி வந்துவிடும். அந்த ஒரு புத்தியால் ஒரு மாதம் வண்டி ஓடியது. கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான்.

அந்தப் புத்திக்கும் ஆபத்து வந்தது. போன சனிக்கிழமை இருமல் மருந்துக் கம்பெனியின் பக்கம் திறக்காமல் ஒரு பிழைச் செய்தி வந்தது. அதன் அடியில் இந்தக் கேள்வி எந்த வழியாக வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது: டிசைன், அச்சகம், டிசைன். அப்பா அதைப் பார்த்துவிட்டார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"என்னடா இது, முன்னாலயும் நான், பின்னாலயும் நான், அண்ணன் நடுவுல நசுங்கிக்கிட்டு நிக்கறார்?"

"அப்பா, அது ஒண்ணும் கல்யாணப் பத்திரிகை இல்ல."

"கம்பெனிக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்? எடு அதை."

"எடுத்தா..."

"எடுடா!"

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எங்கள் பெயர் ஏன் இரண்டு தடவை வருகிறது என்று ஒரு படித்த மனிதன் யோசித்திருக்க வேண்டும். ஆபீசில் இருந்த படித்த மனிதன் நான்தான், எனக்கு அன்று அவசரம். அதே சனிக்கிழமை அச்சகத்தில் அச்சகம், டிசைன், அச்சகம் என்று வந்திருக்கிறது. பெரியப்பா "தம்பியை நான் ரெண்டு பக்கமும் போட்டு நெருக்கற மாதிரி இருக்கு" என்று துடித்துப்போய் அக்காவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் எடுத்துவிட்டாள். ஆக, இரண்டு பக்கமும் முத்திரை போயிற்று. புத்தி போயிற்று.

திங்கட்கிழமை காலை சர்வரின் பிராசஸர், அதாவது அதன் மூளை, நூறு சதவீத உழைப்பில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் போக இடமில்லை என்பதால்தான் நின்றது. அதன் விசிறி போட்ட இரைச்சலில் அச்சகத்து மெஷின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எங்கள் டிசைனர் அம்மாள் மழையில் நனைந்த குடையை அதன் பின்னால் விரித்து வைத்தார், காய்ந்துவிட்டது. முன்பு பார்த்த பக்கமெல்லாம் டக்கென்று வருகிறது, புதுசாக எதைக் கேட்டாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் சர்வரை அணைத்துப் போட்டேன். அடங்கியது. வெற்றி என்று நாற்காலியில் சாய்ந்தேன். யாரோ மவுஸைத் தொட்டார்கள், மறுபடியும் நூறு. சரி, எவனோ சினிமா பார்க்கிறான் என்று முடிவுகட்டி, நேராகப் போய் டிசைனரிடம் கேட்டேன்.

"மேடம், வீடியோ ஏதாவது ஓட்டறீங்களா?"

"வீடியோவா? காலையிலேர்ந்து எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் வந்து சேரலை! இருமல் மருந்துக்குப் புதுசா ஆரஞ்சுச் சுவையாம், அந்தப் படத்தைக் கேட்டு உக்காந்திருக்கேன். ஒரே ஒரு பழம். அதைக் கொண்டுவரத் துப்பில்லாத சர்வரை வெச்சுக்கிட்டு என்னை வந்து கேக்கறீங்க. என்னத்தைத்தான் படிச்சீங்களோ!"

திரும்பி வந்தேன். சேமித்து வைத்த நகல்கள் கூடிப்போய் மூச்சு முட்டுகிறதோ என்று அத்தனையையும் துடைத்தெறிந்தேன். பிராசஸர் நூறிலேயே இருந்தது. இதுவரை டக்கென்று வந்துகொண்டிருந்த பழைய பக்கங்களும் வராமல் போயின. இப்போது ஆபீஸ் முழுக்க எல்லாருக்கும் வட்டம் சுற்றியது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அப்பா மட்டும், "துடைக்கறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

பிறகு நிதானமாக, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். யார் யார் என்ன கேட்கிறார்கள் என்று சர்வர் தானாகக் குறித்து வைக்கும், லாக் என்போம், அதைத் திறந்தேன். அருவி மாதிரி கொட்டுகிறது. ஒவ்வொரு வரியும் ஆரஞ்சுப் பழம். கேட்பவர்: எதிர் ஆபீஸ். எதிர் ஆபீஸ். எதிர் ஆபீஸ். எனக்கு ரத்தம் கொதித்தது. ஜன்னலைத் திறந்தேன். எதிர் ஜன்னலும் அதே நேரம் படீரென்று திறந்தது. அக்கா.

"அக்கா, உங்க ஆளுங்களுக்கு வேற வேலை இல்லையா? எங்க சர்வரைப் போட்டு இந்த அடி அடிக்கறீங்க!"

"நாங்களா? உன் பக்கத்துலேர்ந்துதான்டா கொட்டுது! எங்க சர்வர் இங்க வெந்துக்கிட்டிருக்கு! ஒரு ஆரஞ்சுப் பழத்தை எத்தனை தடவைடா கேப்ப?"

"நானா கேக்கறேன்? எங்க லாக்ல நீதான் கேக்கற!"

"எங்க லாக்ல நீ கேக்கற! வெக்கமா இல்ல?"

"ஆரஞ்சுப் பழம் உனக்கு எதுக்கு?"

"அதையே நான் கேக்கறேன், உனக்கு எதுக்கு?"

கீழேயிருந்து தையல்காரர் அண்ணாந்து பார்த்து, "பழக்கடை அடுத்த தெருவுல இருக்கும்மா" என்றார்.

நான் கோபத்தில் தெருவின் குறுக்கே போகிற கேபிளின் எங்கள் பக்க முனையைப் பிடுங்கிவிட்டேன். விசிறி அடங்கியது. அங்கேயும் அடங்கிவிட்டதாக அக்கா கத்தினாள். மறுபடியும் சொருகினேன். இரண்டு பக்கமும் விமானம் கிளம்புகிற சத்தம். பிடுங்கினேன், அமைதி. இரண்டு பேரும் ஜன்னலில் நின்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கி ஓடிவந்தாள். என் சர்வரில் போட்டிருந்த உத்தரவை அவளுக்குக் காட்டினேன்: எதைக் கேட்டாலும் எதிர் ஆபீஸைக் கேள், தானாக வெளியே போகாதே. அவள் அதை விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "டேய்," என்றாள், "என்னோடதுலயும் இதேதான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள்தான், தண்ணீர் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

அத்தை, உங்களுக்கு ஒரே வரியில் புரியும். ரவுண்டானா. வெளியே போகிற வழியை எல்லாம் "போகாதே" என்று அடைத்துவிட்டு ஒரு வண்டியை ரவுண்டானாவுக்குள் விட்டால் அது என்ன செய்யும்? சுற்றும். எங்கள் டிசைனரின் ஆரஞ்சுப் பழம் எங்கள் சர்வரிலிருந்து அங்கே போய், அது திருப்பி இங்கே அனுப்பி, இது மறுபடியும் அங்கே அனுப்பி, ஒவ்வொரு சுற்றும் புதுக் கேள்வி என்று நினைத்து இரண்டும் தலைதெறிக்க ஓடியிருக்கின்றன. இரண்டுமே ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. இரண்டுமே ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை. பழம் கம்பெனிக்காரனிடம் பத்திரமாக இருக்கிறது. அவனைப் போய்க் கேட்கத்தான் ஆளில்லை.

பெரியவர்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினோம். அப்பா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். பெரியப்பா உச்சுக் கொட்டினார், சர்வருக்காகத்தான்.

"அப்ப, ஏதாவது ஒண்ணை முதல்ல வெளியே போகச் சொல்லுங்க" என்றார் அப்பா.

"எதை?" என்றாள் அக்கா.

"அண்ணனோடதை" என்றார் அப்பா. "தம்பியோடதை" என்றார் பெரியப்பா. ஒரே நேரத்தில்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டுமே போகும்" என்றேன். "கையில இருக்கான்னு ஒரு தடவை கேக்கும். இல்லைன்னா அதது தன் சொந்தக் கால்ல போய்க்கும். பேரும் மறுபடி குத்தும். யார் பேரு முன்னாடி வந்தா என்ன, கம்பெனிக்காரன் நம்மளைப் பாத்துப் பொண்ணா குடுக்கப் போறான்?" பெரியப்பா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கலாமா என்று அண்ணனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் அக்காவும் இரண்டு பக்கமும் மாற்றினோம். பிராசஸர் சரசரவென்று இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. டிசைனருக்குப் படம் வந்தது. "இது எலுமிச்சை" என்றார். இந்த அமளிக்குள் கம்பெனிக்காரன் சுவையையே மாற்றிவிட்டான்.

அந்தச் சூட்டோடு சூடாகக் கேட்டேன். "சர்வர் சரியாயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கீங்க, தெருவைக் கடக்க வேண்டியதுகூட இல்லை. போகட்டுமா, வேண்டாமா?"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா விசிறியைப் பார்த்தார். அப்பாவுக்கு இருமல் வந்தது. பெரியப்பாவுக்குத் திடீரென்று மெஷினில் மை தீர்ந்தது ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் முழித்த முழியைப் பார்த்தால், தெரியாதவர்கள் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். "யோசிச்சுச் சொல்றோம்ப்பா" என்று ஒருவர் இந்தப் பக்கமாகவும் ஒருவர் அந்தப் பக்கமாகவும் நழுவிவிட்டார்கள்.

இன்று வியாழக்கிழமை. நான் வெளிப்படையாகப் பேசுகிறவன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பிகள் இருவரும் தங்கமானவர்கள். ஆனால் ஒருவரையொருவர் கேட்காமல் வாழ்நாளில் ஒரு காரியம், ஒரே ஒரு காரியம், செய்ய மாட்டார்கள். பயமா, பாசமா, எனக்குத் தெரியாது. அந்தப் பாசத்தில் நான் பழமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் இன்று காலையில் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் இல்லை, விவரத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா "அண்ணனைக் கேக்காமலா?" என்பார், பெரியப்பா "அப்பனைக் கேக்காமலா?" என்பார், இரண்டு பேரும் மற்றவருக்காக மனம் உடைவார்கள். அவர்கள் கோபப்பட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், மனம் உடைந்தால் சமாளிக்கத் தெரியாது. நீங்கள் ஒருவர்தான் அவர்களுக்கு மூத்தவர், நீங்கள் குரலை உயர்த்தினால் இரண்டு பேரும் இன்றும் எழுந்து நிற்கிறார்கள். கடிதம் கிடைத்ததும் இரண்டு பேருக்கும் போன் பண்ணி, பையன் போகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேட்காதீர்கள், அத்தை. கேட்டால் போச்சு. சொல்லுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். உங்கள் மாணவர்கள் அனைவரும் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கி, உங்கள் காலை விட்டு இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள மருமகன்.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதை உறையின் பின்புறம் எழுதுகிறேன். தபால்காரர் படித்தால் படிக்கட்டும். இப்போதுதான் ஆஸ்பத்திரி மேலாளர் கூப்பிட்டார். "தம்பி, நீங்க ஒரே ஆள்தானே? உங்க பேருக்கு மூணு சம்மதம் வந்திருக்கே" என்றார். நான் காலையில் சொன்னது மூன்றாவதாம். முதலில் கூப்பிட்டது அப்பா, திங்கட்கிழமை, நான் கேட்டுவிட்டுத் தெருவைக் கடந்த அந்த ஐந்து நிமிஷத்துக்குள். பையன் கண்டிப்பாக வருவான், வாய் கொஞ்சம் துடுக்கு, வேலை சுத்தம், ஆனால் நான் சொன்னதாக அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், அவரைக் கேட்காமல் சொல்கிறேன், வருத்தப்படுவார் என்றாராம். அன்று சாயங்காலமே பெரியப்பாவும் கூப்பிட்டிருக்கிறார். அதே வார்த்தை, "அண்ணனுக்கு" என்ற இடத்தில் மட்டும் "தம்பிக்கு". பின்னால் மெஷின் சத்தத்தில் மேலாளருக்குக் காது அடைத்துவிட்டதாம். ஆகவே உள்ளே நான் அவர்களைப் பற்றி எழுதியிருக்கும் அத்தனையையும் அடித்துவிட்டுப் படிக்கவும். முக்கியமாக, போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேனே, தயவுசெய்து யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லிவிடாதீர்கள். அண்ணனுக்குத் தெரியாது என்று தம்பியும், தம்பிக்குத் தெரியாது என்று அண்ணனும் நிம்மதியாக இருக்கிறார்கள். சற்று முன் அப்பா வந்து, "அண்ணன்கிட்ட எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்டா" என்றார், என் கண்ணைப் பார்க்காமல். "சரிப்பா" என்று சொல்லியிருக்கிறேன். தெருவைக் கடக்கிற வழியில் இதைத் தபால்பெட்டியில் போடுகிறேன்.